அந்தக் கடைசிப் பொத்தானை அவசரமாக அழுத்தாதீர்கள்

பள்ளி இடுபணிக்காக உங்கள் பாட்டியைப் பேட்டி எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்தில் பால்மரம் சீவிய காலம், லயத்து வீடு, விடியற்காலைப் பெரட்டு என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். நாற்பது நிமிடப் பதிவை மூன்று நிமிடமாக வெட்டி, தலைப்பு சேர்த்து முடிக்கும்போது இரவு மணி பதினொன்று. நாளை காலை ஒப்படைக்க வேண்டும். 'எக்ஸ்போர்ட்' பொத்தானை அழுத்துகிறீர்கள். வந்த கோப்பு மின்னஞ்சலில் போகவில்லை. வாட்ஸ்அப்பில் சாதாரணக் காணொளியாக ஆசிரியருக்கு அனுப்பிவிடுகிறீர்கள். மதிப்பெண்ணும் கிடைக்கிறது. பிறகு கைப்பேசியில் இடம் போதவில்லை என்று மற்ற எல்லாவற்றையும் அழித்துவிடுகிறீர்கள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, குடும்ப விழா ஒன்றில் அதைப் பெரிய திரையில் போடுகிறீர்கள். பாட்டியின் முகம் சிறு சிறு கட்டங்களாக உடைந்து தெரிகிறது. சேலையின் கோடுகள் ஒரே கறையாகிவிட்டன. வாட்ஸ்அப்பில் சுருங்கிய அந்தப் பிரதியைத் தவிர உங்களிடம் வேறு எதுவும் இல்லை.

இது யாருடைய தவறும் இல்லை என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. 'எக்ஸ்போர்ட்' செய்வதைக் கோப்பைச் சேமிக்கும் சாதாரண வேலை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில், எதை வைத்துக்கொள்வது, எதை வீசுவது என்று முடிவு செய்யும் இடம் அதுதான். அந்த முடிவை நீங்கள் எடுக்காவிட்டால், உங்கள் பாட்டியைப் பார்த்தே இராத ஒரு மென்பொருள் எடுத்துவிடும். மாணவர்களாகிய நீங்கள் அந்த முடிவைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து. அதற்குத் தேவையான கணக்கு உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

எவ்வளவு சுருங்குகிறது?

1080பி காணொளியின் ஒவ்வொரு பிரேமிலும் அகலத்தில் 1920, உயரத்தில் 1080 பிக்சல்கள் உள்ளன. பெருக்கினால் சுமார் 2.07 மில்லியன். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட். வினாடிக்கு 30 பிரேம். ஆக, சுருக்காமல் வைத்தால் ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 187 மெகாபைட் தேவை. உங்கள் மூன்று நிமிடப் படம் 33 கிகாபைட்டைத் தாண்டிவிடும்.

இப்போது இன்னோர் எண்ணைப் பாருங்கள். இதே 1080பி, 30 பிரேம் காணொளியைப் பதிவேற்ற யூடியூப் பரிந்துரைக்கும் பிட்ரேட் வினாடிக்கு 8 மெகாபிட். எட்டு பிட் ஒரு பைட் என்பதால், இது வினாடிக்கு 1 மெகாபைட். அதாவது 187 பங்கு தரவு ஒரு பங்காகச் சுருங்குகிறது. அப்படியும் படம் நன்றாகவே தெரிகிறது. எப்படி?

முதலாவது, நம் கண்ணின் இயல்பு. வெளிச்சத்தில் உள்ள சிறு வேறுபாட்டைக் கண் நன்றாகப் பிடிக்கும். நிறத்தில் உள்ள சிறு வேறுபாட்டை அவ்வளவாகப் பிடிக்காது. அதனால் வெளிச்சத்தின் அளவை ஒவ்வொரு பிக்சலுக்கும் வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் நான்கு பிக்சலுக்கு ஒரு முறை என்று குறைக்கிறார்கள். இதிலேயே தரவு பாதியாகிவிடும்.

இரண்டாவது, அடுத்தடுத்த பிரேம்களின் ஒற்றுமை. பாட்டி பேசும்போது அவருக்குப் பின்னால் உள்ள சுவர் மாறுவதில்லை. ஒவ்வொரு முறையும் அந்தச் சுவரை முழுதாக எழுதாமல், 'முன்பு இருந்தது போலவே' என்று குறித்துக்கொண்டால் போதும். மாறிய வாயும் கையும் மட்டும் புதிதாக எழுதப்படுகின்றன.

மூன்றாவது, கணிதம். பிரேமைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் பெரிய வடிவங்கள், நுண்ணிய விவரங்கள் என்று தனித்தனி எண்களாக மாற்றலாம். பிறகு நுண்ணிய விவரங்களுக்கான எண்களைத் தோராயமாக்கிவிடலாம். இதற்கு அடிப்படையான கொசைன் உருமாற்ற முறையைப் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவரும் 1974இல் ஓர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். நீங்கள் தினமும் பார்க்கும் ஜேபெக் படங்கள் இந்த முறையில்தான் சுருக்கப்படுகின்றன. 2003இல் வெளியாகி இன்றும் பரவலாகப் பயன்படும் எச்.264 என்ற காணொளித் தரமும் அதே கருத்தில் அமைந்தது.

இவற்றில் இரண்டாவது உத்தி, உள்ளதைச் சுருக்கமாக எழுதும் வழி. மற்ற இரண்டிலும் தரவு நிரந்தரமாகப் போய்விடும். அதிலும் பிட்ரேட் குறையக் குறைய, மூன்றாவது உத்தி மிகக் கடுமையாகத் தோராயமாக்கத் தொடங்கும். முதலில் மறைவது முகச் சுருக்கங்கள், நரைமுடி இழைகள், சேலையின் சின்னக் கட்டங்கள். பாட்டியின் படத்தில் நாம் பார்க்க விரும்புவதும் அவற்றைத்தானே!

பிட்ரேட் என்னும் செலவுக் கணக்கு

'எக்ஸ்போர்ட்' சாளரத்தில் பல பெட்டிகள் இருக்கும். எல்லோருடைய கண்ணும் 1080, 2160 என்ற எண்களுக்கே போகும். உங்கள் கண் முதலில் பிட்ரேட்டுக்குப் போக வேண்டும். கோப்பின் அளவைத் தீர்மானிப்பது அதுதான். பிட்ரேட்டை வினாடிகளால் பெருக்கி, எட்டால் வகுத்தால் கோப்பின் அளவு வந்துவிடும். 8 மெகாபிட், 180 வினாடி என்றால் 180 மெகாபைட். பொத்தானை அழுத்துவதற்கு முன்பே இதைக் கணக்கிட்டுவிடலாம். இரவு பதினொரு மணிக்கு அதிர்ச்சி அடையத் தேவையில்லை.

பிட்ரேட்டை அம்மா கொடுக்கும் கைச்செலவுப் பணம் போல நினைத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு இவ்வளவுதான், அதற்குள் எல்லாப் பிக்சல்களையும் கவனிக்க வேண்டும். பாட்டி நாற்காலியில் அமர்ந்து பேசும் காட்சிக்குச் செலவு குறைவு. தைப்பூசத்தன்று பத்துமலையில் எடுத்த காட்சியை எண்ணிப் பாருங்கள். ஆயிரம் தலைகள் அசைகின்றன. காவடிகளின் மயிலிறகுகள் ஒவ்வொன்றும் ஆடுகின்றன. 'முன்பு இருந்தது போலவே' என்று குறிக்க அங்கே எதுவும் இல்லை. அதே பிட்ரேட்டில் பாட்டி தெளிவாகவும் பத்துமலை குழம்பியும் தெரிவது இதனால்தான்.

இப்போது மின்னஞ்சல் சிக்கலைப் பார்ப்போம். ஜிமெயிலில் இணைப்புகளுக்கான எல்லை 25 மெகாபைட். கொஞ்சம் இடம் விட்டு 20 மெகாபைட் என்று வைப்போம். அது 160 மெகாபிட். 180 வினாடியால் வகுத்தால், வினாடிக்குச் சுமார் 0.89 மெகாபிட்தான் கிடைக்கும். ஒலிக்கு 0.128 மெகாபிட் ஒதுக்கினால், படத்துக்கு மிஞ்சுவது 0.76. யூடியூப் பரிந்துரைக்கும் 8 மெகாபிட்டில் இது பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

பலர் இங்கேதான் தவறுகிறார்கள். '1080பி என்றால்தான் தரம்' என்று அதை விடாமல் பிடித்துக்கொள்வார்கள். 2.07 மில்லியன் பிக்சலுக்கு இந்தச் சிறு தொகையைப் பங்கிட்டால் எதற்கும் போதாது. படம் கட்டங்களாக உடையும். 854க்கு 480 என்று இறங்கிப் பாருங்கள். பிக்சல்கள் சுமார் 0.41 மில்லியனாகக் குறைகின்றன. ஒவ்வொரு பிக்சலுக்கும் ஐந்து மடங்கு பிட் கிடைக்கிறது. படம் சற்று மென்மையாகத் தெரியும்; ஆனால் பாட்டியின் முகம் உடையாமல் இருக்கும். சின்ன எண்ணைத் தேர்ந்தெடுப்பது இங்கே புத்திசாலித்தனம்.

ஒலியிலும் கவனம் வேண்டும். கோப்பைச் சிறிதாக்க ஒலியைக் குறைப்பவர்கள் உண்டு. 128 கிலோபிட் ஒலி, 8 மெகாபிட் படத்தோடு ஒப்பிட்டால் அறுபதில் ஒரு பங்கு. அதை வெட்டி நீங்கள் மிச்சப்படுத்துவது மிகச் சொற்பம். இழப்பதோ பாட்டியின் குரல்.

பெரிய எண்ணும் ஏமாற்றும்

இதற்கு நேர்மாறான பழக்கமும் இருக்கிறது. 1080பியில் எடுத்த படத்தை 4கே என்று மாற்றி வெளியிடுவது. பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து இடைவெளியை ஊகித்து நிரப்புவதுதான் அங்கே நடக்கிறது. கேமரா பதிவு செய்யாத முகச் சுருக்கத்தை மென்பொருள் கொண்டு வராது. கோப்பு மட்டும் பெருக்கும்.

பிரேம் எண்ணிக்கையும் அப்படித்தான். 30 பிரேமில் எடுத்ததை 60 ஆக்கினால் சாதாரணமாக ஒவ்வொரு பிரேமும் இரண்டு முறை வரும், அவ்வளவே. 25 ஆக்கினால் வினாடிக்கு ஐந்து பிரேம்கள் விடுபட்டு, கேமரா நகரும் காட்சிகள் தட்டுத்தடுமாறும். நம் நாட்டின் பழைய தொலைக்காட்சி முறைக்கு 25 பிரேம். கைப்பேசிகள் பெரும்பாலும் 30இல் எடுக்கின்றன. ஆகவே எடுத்த பிரேம் எண்ணிக்கையையே கடைசிவரை வைத்திருங்கள்.

'அதுதான் பிரிசெட் இருக்கிறதே!'

நீங்கள் கேட்கலாம்: மென்பொருளில் 'யூடியூப்', 'மொபைல்' என்று ஆயத்த அமைப்புகள் இருக்கின்றனவே, நிபுணர்கள் செய்தவைதானே, பிறகு ஏன் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும்? நியாயமான கேள்வி. நண்பர்கள் கூத்தடித்த பத்து வினாடிக் காட்சிக்கு ஆயத்த அமைப்பே போதும். அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

ஆனால் அந்த அமைப்பைச் செய்தவருக்கு உங்கள் படத்தில் இருப்பது பாட்டியா, பத்துமலையா என்று தெரியாது. அதைப் பார்க்கப்போவது கைப்பேசியிலா, மண்டபத் திரையிலா என்பதும் தெரியாது. இருபது ஆண்டுகள் கழித்து அதை யாராவது தேடுவார்களா என்றும் தெரியாது. இந்த மூன்றும் தெரிந்தவர் நீங்கள் மட்டுமே. ஆயத்த அமைப்பைத் தொடக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் தேவைக்கு மாற்றி, உங்கள் பெயரிட்டுச் சேமித்துக்கொள்ளுங்கள். ஷாட்கட், கேடென்லைவ் போன்ற இலவச மென்பொருள்களிலேயே இந்த வசதி உண்டு.

நான் கேட்பது இரண்டு பிரதிகள்

முக்கியமான எந்தப் படத்தையும் இரண்டு முறை 'எக்ஸ்போர்ட்' செய்யுங்கள்.

முதல் பிரதி வீட்டில் வைத்துக்கொள்ள. எடுத்த அதே ரெசல்யூஷன், அதே பிரேம் எண்ணிக்கை, எம்பி4, எச்.264, ஏஏசி ஒலி. பிட்ரேட்டைத் தாராளமாக 20 மெகாபிட் கொடுங்கள். மூன்று நிமிடத்துக்கு 450 மெகாபைட் ஆகும். 64 கிகாபைட் பென் டிரைவில் இப்படி நூற்று நாற்பது படங்கள் அடங்கும். 2013இல் வந்த எச்.265 ஏறத்தாழ பாதி அளவிலேயே அதே தரத்தைத் தரக்கூடியது. ஆனால் பழைய கருவிகள் சிலவற்றில் ஓடாது. எல்லா இடத்திலும் திறக்க வேண்டிய பிரதிக்கு எச்.264 பாதுகாப்பானது.

இரண்டாவது பிரதி அனுப்புவதற்கு. எல்லை எவ்வளவு என்று பார்த்து, மேலே சொன்ன கணக்கைப் போட்டு, ரெசல்யூஷனை அதற்கேற்ப இறக்குங்கள். இரண்டு சுற்றாகச் சுருக்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். முதல் சுற்றில் எங்கே அசைவு அதிகம் என்று மென்பொருள் படித்துக்கொண்டு, இரண்டாவது சுற்றில் பிட்டுகளை அங்கே கூடுதலாக ஒதுக்கும். வாட்ஸ்அப்பில் தரம் குறையாமல் போக வேண்டுமானால், காணொளியாக அனுப்பாமல் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள். கோப்பு அப்படியே போய்ச் சேரும்.

முழுப் படத்தையும் வெளியிடுவதற்கு முன், அதிக அசைவுள்ள இருபது வினாடியை மட்டும் வெளியிட்டு, எந்தத் திரையில் காட்டப்போகிறீர்களோ அதே திரையில் பாருங்கள். பிறகு எப்போதாவது திருத்த வேண்டியிருந்தால், அனுப்பிய பிரதியைத் திருத்தாதீர்கள். சுருங்கியதை மறுபடி சுருக்குவது, நகலை மீண்டும் நகலெடுப்பது போன்றது; ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும். முதல் பிரதியிலிருந்து, முடிந்தால் மூலப் பதிவிலிருந்தே தொடங்குங்கள். அந்த நாற்பது நிமிடப் பதிவையும் அழிக்காதீர்கள். நீங்கள் வெட்டி எறிந்த முப்பத்தேழு நிமிடத்திலும் பாட்டி பேசிக்கொண்டுதான் இருக்கிறார்.

இதற்கெல்லாம் எவ்வளவு நேரம் ஆகும்? கணக்குப் போட இரண்டு நிமிடம், இரண்டாவது பிரதி வெளிவர இன்னும் சில நிமிடம். வீசிய பிட்டுகளை எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது என்பதோடு ஒப்பிட்டால், இது பெரிய விலையே இல்லை.

இந்த வார இறுதியில் உங்கள் கைப்பேசியைத் திறந்து பாருங்கள். வீட்டுப் பெரியவர்கள் பேசும் காணொளி ஏதாவது ஒரே ஒரு சுருங்கிய பிரதியாக மட்டும் கிடக்கிறதா? மூலப் பதிவு இன்னும் அழியாமல் இருந்தால், அதை இன்றே பென் டிரைவுக்கு மாற்றுங்கள்.