கழுத்தைக் கழற்றத் தயங்க வேண்டாம்

பழைய அகூஸ்டிக் கிட்டாரின் கழுத்தைக் கழற்றி, கோணம் திருத்தி மீண்டும் பொருத்தினால் அதன் அசல் தன்மை கெடும் என்று சேகரிப்பாளர்கள் சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் தவறானது. ஆறு எஃகுத் தந்திகளின் இழுவிசை 70 கிலோவைத் தாண்டும். பல பத்தாண்டுகள் அதைச் சுமந்த மெல்லிய மரப்பெட்டி சற்றே உருமாறுகிறது; கழுத்து முன்னால் சாய்கிறது; தந்திகள் உயர்ந்து, வாசிப்பவரின் விரல் நோகிறது. 1930களின் மார்ட்டின் டி-28 போன்ற போற்றப்படும் கிட்டார்களுக்கும் இதிலிருந்து விலக்கில்லை.

செலவுக்கு அஞ்சிப் பலர், தந்திகளை இறக்குவதற்காக அவற்றைத் தாங்கும் பிரிட்ஜைச் சீவித் தாழ்த்துகிறார்கள். உண்மையான சேதம் அதுதான். சீவிய மரம் திரும்பி வராது. பிரிட்ஜின் மேலுள்ள சேடில்மீது தந்தி அழுந்தும் கோணம் குறைந்து ஒலியும் சோர்ந்துபோகும். கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராடைத் திருகினால் போதாதா என்று கேட்கலாம். அது கழுத்தின் வளைவைத்தான் திருத்தும், உடலோடு கழுத்து சேரும் கோணத்தை அன்று. 1985க்கு முந்தைய மார்ட்டின்களில் திருகக்கூடிய ராடே கிடையாது.

அக்காலக் கைவினைஞர்கள் கழுத்தை உடலோடு இணைக்கும் புறாவால் பொருத்தை விலங்குப் பசையால் ஒட்டினார்கள். சூடும் ஈரமும் பட்டால் இளகும் பசை அது. ஒரு ஃப்ரெட்டை எடுத்து, அதன் அடியில் சிறு துளையிட்டு நீராவி செலுத்தினால் கழுத்து கழன்றுவிடும். பிறகு கழுத்தின் அடிப்பகுதியில் ஆப்பு வடிவில் மிகச் சிறிதளவு மரத்தைச் செதுக்கினால் போதும். பிரித்துச் சேர்க்க இடம் கொடுத்த அந்தப் பொருத்தைத் திறப்பதில் என்ன அவமரியாதை? வேலை தெரிந்தவரிடம் கொடுப்பதுதான் நிபந்தனை; செலவு கணிசமானதுதான், ஆனால் வாசிக்க முடியாத கிட்டாரைப் பெட்டியில் பூட்டி வைப்பது அதைவிடப் பெரிய இழப்பு.