இரும்புக்கை மாயாவியைப் பிடுங்காதீர்கள்!

"பொம்மைப் புத்தகத்தைக் கீழே வை! பாடத்தைப் படி!"

இந்தக் குரல் கேட்காத வீடு உண்டா? கோவையிலும் கேட்கிறது. ஈரோட்டிலும் கேட்கிறது. சேலத்திலும் கேட்கிறது.

படக்கதை படித்தாலும் திட்டு. விண்வெளிப் படம் பார்த்தாலும் திட்டு. "நடக்காத காரியத்தை எல்லாம் பார்த்து என்ன ஆகப் போகிறது?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நமது கருத்து இது. நல்ல விஞ்ஞானக் கற்பனைக் கதை பிள்ளையைக் கெடுக்காது. "ஏன்?" என்று கேட்கப் பழக்கும். அந்தக் கதை தமிழில் இருந்துவிட்டால், லாபம் இரட்டிப்பு!

சேலத்தின் சடை யானை

இந்தக் கற்பனை எல்லாம் அமெரிக்காவில் இருந்து வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். கொங்கு நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு.

சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற படக் கம்பெனி இருந்தது. அதை நடத்தியவர் திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி.ஆர். சுந்தரம். இங்கிலாந்து சென்று நெசவுத் தொழில் படித்தவர். ஊர் திரும்பிப் படத் தொழிலில் இறங்கினார். தமிழில் முதல் முழுநீள வண்ணப் படமான "அலிபாபாவும் 40 திருடர்களும்" 1956-ம் ஆண்டு அவரது கம்பெனியில் இருந்துதான் வந்தது.

அதற்கும் முன்பு, 1952-ம் ஆண்டிலேயே, அவர் அமெரிக்கர்களோடு கூட்டுச் சேர்ந்து ஒரு படம் எடுத்தார். ஆங்கிலத்தில் அதன் பெயர் "தி ஜங்கிள்". தமிழில் "காடு". அமெரிக்க நடிகர்கள் ராட் கேமரூன், சீசர் ரொமெரோ, நடிகை மேரி வின்ட்சர் ஆகியோர் அதில் நடித்தார்கள்.

கதை என்ன தெரியுமா?

காட்டு யானைகள் திடீரென்று மிரண்டு ஓடுகின்றன. ஊர்களுக்குள் புகுந்து மிதித்து நாசம் செய்கின்றன. காரணம் புரியவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு கூட்டம் காட்டுக்குள் போகிறது. உடம்பெல்லாம் சடை தொங்கும் ராட்சத யானைகளைக் காண்கிறது. எப்போதோ அழிந்துபோன மாமத யானைகள் அவை!

யானைகளுக்கு ரோமம் ஒட்டி மாமத யானை ஆக்கினார்கள். இன்று அதைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால், அந்தக் கதையில் உள்ள கேள்வி சிரிப்புக்கு உரியது அல்ல.

யானை ஏன் ஊருக்குள் வருகிறது?

மேட்டுப்பாளையம், தடாகம், மதுக்கரைப் பக்கம் உள்ளவர்களைக் கேளுங்கள். இரவில் வாழைத் தோட்டத்துக்குள் யானை புகுந்தால் என்ன பாடு என்பதைச் சொல்வார்கள். இன்றைக்கு மாமத யானை காரணம் இல்லை. காட்டுப் பாதையில் கட்டடம் எழுந்தது காரணம். வறண்டுபோன தண்ணீர்க் குட்டை காரணம். பயிரின் ருசி காரணம்.

விடை மாறியது. கேள்வி மாறவில்லை!

"விதி" என்று உட்காராமல், "காரணம் என்ன?" என்று தேடப் போனார்களே, அதுதான் விஞ்ஞானக் கதையின் உயிர்.

மந்திரமும் விஞ்ஞானமும்

மாயாஜாலக் கதையும் நல்ல கதைதான். 1960-ம் ஆண்டு தொடங்கிய "கன்னித்தீவு" படக்கதையைத் தேடிப் படிக்காத ஊர் இல்லை. எழுத்துக் கூட்டிப் படித்தவர்களுக்குப் படம் கை கொடுத்தது. எழுத்து புரியாத இடத்தில் படம் சொல்லிக் கொடுத்தது.

ஆனால் மந்திரத்துக்குக் கணக்கு வழக்கு கிடையாது. மந்திரவாதி கோலை ஆட்டுவான், மலை பறக்கும். ஏன் பறந்தது என்று கேட்க முடியாது.

விஞ்ஞானக் கதை அப்படி அல்ல. அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு.

இரும்புக்கை மாயாவியை எடுத்துக்கொள்ளுங்கள். 1972-ம் ஆண்டு சிவகாசியில் இருந்து முத்து காமிக்ஸ் வந்தது. அதன் முதல் நாயகன் இந்த மாயாவி. பிறந்த வீடு இங்கிலாந்து. அங்கே 1962-ம் ஆண்டு ஒரு வாரப் பத்திரிகையில் தோன்றினான். தமிழ்நாடு அவனைத் தத்து எடுத்துக்கொண்டது.

பரிசோதனைச் சாலை விபத்தில் கையை இழந்தவன் அவன். அந்த இடத்தில் இரும்புக் கை பொருத்தப்பட்டது. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் உருவம் மறைந்துவிடும். ஆனால் இரும்புக் கை மட்டும் மறையாது! மின்சாரத்தின் வேகம் குறைந்தால் உருவம் மீண்டும் தெரியும்.

இப்போது படிக்கும் பிள்ளை என்ன நினைக்கும்? "கை ஏன் மறையவில்லை? கரண்ட் எவ்வளவு நேரம் தாங்கும்? அதற்குள் தப்பிவிடுவானா?" என்று கணக்குப் போடும். இது பொழுதுபோக்கு மட்டும் அல்ல. மூளைக்கு வேலை!

மோட்டார் நாட்டுக்கு ஏற்ற கதை

கோவை வட்டாரம் மில்லும் மோட்டாரும் நிறைந்த சீமை. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தது. மில்கள் பெருகின. 1937-ம் ஆண்டு ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் கோவையிலேயே மின்சார மோட்டார் செய்து காட்டினார்கள்.

ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். இளம் வயதில் ஒரு மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். ஆசை பிடித்துக்கொண்டது. ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்தார். வண்டியை வாங்கினார். வாங்கியதும் கழற்றிப் பார்த்தார்!

முதலில் வியப்பு. பிறகு ஆசை. பிறகுதான் அறிவு. இதுதான் வரிசை. வியப்பே இல்லாத பிள்ளைக்கு அறிவு எந்த வழியாக உள்ளே வரும்?

பாட்டு இல்லாத கிரகம்

1963-ம் ஆண்டு "கலை அரசி" படம் வந்தது. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தார்கள். வேற்றுக் கிரகத்தில் விஞ்ஞானம் இருக்கிறது. கலை இல்லை. ஆகவே, பாட்டுப் பாடும் பெண்ணைப் பூமியில் இருந்து தூக்கிப் போகிறார்கள்.

அதே 1963-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி தும்பாவில் இருந்து இந்தியாவின் முதல் ராக்கெட் கிளம்பியது. படம் முந்தியது, ராக்கெட் பிந்தியது!

அந்தப் படம் சொன்ன புத்தி இன்றைக்கும் பொருந்தும். யந்திரம் மட்டும் இருந்தால் போதாது. மனிதனுக்குப் பாட்டும் வேண்டும். சாமானியக் குடும்பம் கொட்டகையில் உட்கார்ந்து இதைப் புரிந்துகொண்டது. கல்லூரிப் பாடம் தேவைப்படவில்லை.

தாய்மார்களின் கவலை

தாய்மார்கள் சில குறை சொல்வார்கள்.

"கதையில் வருவதைப் போலச் செய்து பார்த்தால்?" உண்மையான பயம். மாயாவி மின்சாரத்தைத் தொடலாம். நம் வீட்டுப் பிள்ளை தொடக் கூடாது. புத்தகத்தைக் கொடுக்கும்போதே இதைச் சொல்லிக் கொடுங்கள். புத்தகத்தைப் பிடுங்கினால், பிள்ளை ஒளித்து வைத்துப் படிக்கும். சொல்லிக் கொடுக்க ஆள் இருக்காது.

"வெட்டும் குத்தும் வருகிறதே?" வருகிறது. அப்படிப்பட்டதை ஒதுக்குங்கள். நெல்லில் பதர் இருந்தால் பதரைத் தூற்றுவோம். நெல்லைக் கொட்டுவது இல்லை.

"விலை அதிகமாயிற்றே?" இதுவும் நிஜம். முன்பு சில்லறைக் காசுக்குக் கிடைத்த படக்கதை, இன்று நல்ல வண்ணத்தில் நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது. ஆகவே கிளை நூலகங்களில் படக்கதைக்கு ஓர் அலமாரி வேண்டும். பிள்ளைகள் எட்டி எடுக்கும் உயரத்தில் வேண்டும்.

தமிழுக்கு வரும் ஆபத்து

நமக்கு ஒரு பெரிய கவலை உண்டு.

ஈரோடு புத்தகத் திருவிழாவில் லயன், முத்து காமிக்ஸ் வாசகர்கள் சந்தித்துக்கொள்வது உண்டு. வருகிறவர்களில் பலர் நாற்பதைத் தாண்டியவர்கள். சிறு வயதில் படித்தவர்கள், இன்றும் விடாமல் படிக்கிறார்கள். பாராட்டுகிறோம். ஆனால் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எங்கே?

பிள்ளைகள் செல்போனில் ஆங்கிலக் கதை பார்க்கிறார்கள். ராக்கெட், ரோபோ, வேற்றுக் கிரகம் எல்லாம் அவர்களுக்கு ஆங்கிலத்தில். தமிழ் எதற்கு? பாட்டியோடு பேச. பரீட்சைக்குத் திருக்குறள் ஒப்பிக்க.

இப்படியே போனால் என்ன ஆகும்? தமிழ் பழைய காலத்துக்கு, ஆங்கிலம் வருங்காலத்துக்கு என்று பிள்ளையின் மனது பாகம் பிரித்துவிடும். இந்தப் பாகப் பிரிவினையில் தமிழுக்குப் பங்கு கிடைக்காது!

தமிழால் முடியாதது இல்லை. எழுத்தாளர் சுஜாதா "என் இனிய இயந்திரா" எழுதி, ரோபோ நாய்க்குத் தமிழ் பேசக் கற்றுக் கொடுத்தார். 2010-ல் "எந்திரன்" படத்தைக் குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்தோம். 2024-ல் "அயலான்" படத்தில் வேற்றுக் கிரகத்தான் மீண்டும் வந்தான். கொட்டகையில் தமிழ் இருக்கிறது. வீட்டில், பிள்ளையின் கையில் இருக்கும் புத்தகத்தில்தான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு தமிழ்ப் படக்கதையை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். பிள்ளை உரக்கப் படிக்கட்டும். எழுத்து இப்போதுதான் பழகும் அம்மாயியும் அப்பாரும் படத்தைப் பார்த்துக்கொண்டே கூடப் படிக்கட்டும். "இது நடக்குமா?" என்று பிள்ளையைக் கேளுங்கள். "நடக்காது" என்று சொன்னால், "ஏன் நடக்காது?" என்று கேளுங்கள்.

அந்தப் பதில் தமிழில் வரட்டும்!