மெதுவா, வேகமா... சூட்டைத் தணிக்கத் தண்ணீர் எப்படி ஓட வேண்டும்?

காய்ச்சிய பால் சீக்கிரம் ஆற வேண்டுமா? பாத்திரத்தைத் தண்ணீர் ஊற்றிய தட்டில் வைப்பது நம் வீட்டு வழக்கம். தண்ணீரைச் சும்மா விட்டால், பாத்திரத்தை ஒட்டிய நீர் மட்டும் சூடாகி நின்றுவிடும். கையால் கலக்கிவிட்டால் பால் சட்டென்று ஆறும். பிளாஸ்டிக் தொழிற்சாலைகளில் லாப நஷ்டத்தைத் தீர்மானிப்பதும் இதே விஷயம்தான்!

பக்கெட், டப்பா மூடி போன்றவை, உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் செலுத்தித் தயாராகின்றன. ஒரு மூடி உருவாகும் நேரத்தில் பெரும்பகுதி, அது ஆறுவதற்கே போய்விடும். அச்சில் உள்ள துளைகள் வழியே ஓடும் தண்ணீர்தான் சூட்டை எடுக்கிறது. எல்லா இடமும் சமமாக ஆறாவிட்டால் மூடி வளைந்துவிடும், டப்பாவில் பொருந்தாது.

இரண்டு வகை ஓட்டம்

தண்ணீர் அடுக்கடுக்காக, ஒன்றோடொன்று கலக்காமல் ஓடுவது ‘லேமினார்’. சுழன்று, கலந்து ஓடுவது ‘டர்புலன்ட்’. 1883-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ், கண்ணாடிக் குழாயில் ஓடும் நீரில் சாயம் விட்டு இதைக் காட்டினார். நீர் மெதுவாக ஓடியபோது சாயம் நூல்போல நேராகச் சென்றது. வேகம் கூடியதும் கலைந்து பரவியது. அவர் பெயரில் உள்ள ‘ரெனால்ட்ஸ் எண்’ குழாயில் சுமார் 2,300-க்குக் கீழ் இருந்தால் லேமினார். 4,000-ஐத் தாண்டினால் டர்புலன்ட்.

10 மி.மீ துளையில் 20 டிகிரி தண்ணீர் நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓடினால் அது லேமினார். 2 லிட்டர் ஓடினால் டர்புலன்ட். சுவரை ஒட்டிய சூடான நீர் நடுவில் உள்ள குளிர்ந்த நீரோடு கலப்பதால், சூடு வேகமாக வெளியேறும்.

‘மெதுவாக ஓடினால்தான் தண்ணீர் சூட்டை நன்றாக இழுக்கும்’ என்று சிலர் சொல்வதுண்டு. வெளியே வரும் நீர் அதிகச் சூடாக இருப்பது உண்மைதான். ஆனால், மொத்தமாக வெளியேறும் வெப்பம் குறைவு.

அதற்காக வால்வை முழுதாகத் திறந்துவிடலாமா? கூடாது. டர்புலன்ட் ஆன பிறகும் ஓட்டத்தை இரட்டிப்பாக்கினால், பம்ப்புக்குத் தேவைப்படும் சக்தி ஏழெட்டு மடங்கு ஏறும். சுவரிலிருந்து சூட்டை எடுக்கும் திறனோ இரண்டு மடங்குகூட ஆகாது. மிச்சமெல்லாம் கரன்ட் பில்தான்!

லேமினார் ஜெயிக்கும் இடமும் உண்டு. 1981-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் டக்கர்மேன், பீஸ் இருவரும் சிலிக்கானில் முடியைவிட மெல்லிய கால்வாய்களை வெட்டி, லேமினார் ஓட்டத்திலேயே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 790 வாட் வெப்பத்தை வெளியேற்றினார்கள். வழி அவ்வளவு குறுகல் என்பதால், சூடு கடக்க வேண்டிய தூரமும் குறைவு.

ஆக, துளை பெரிதென்றால் கலக்க வேண்டும். முடியளவு என்றால் கலக்கத் தேவையில்லை. பால் பாத்திரத்துக்கு? ஒரு கை போதும்!