பெயின்ற் பூசினால் எஞ்சின் புதிதாகிவிடுமா?

"எஞ்சின் புதிதாகச் செய்தாயிற்று, கழற்றாமல் யாரும் குறை சொல்ல முடியாது" என்கிறார்கள் துரைமார். யாழ்ப்பாணத்து மெக்கானிக்மார் கேட்டால் சிரிப்பார்கள். 1990க்குப் பிந்திய பொருளாதாரத் தடையில், குடாநாட்டுக்கு எரிபொருளும் உதிரிப்பாகமும் மறுக்கப்பட்டபோது, பழைய கார்களைக் கொஞ்சம் பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிக் காட்டியவர்கள் அவர்கள். கண்ணும் காதும் மூக்குமே அவர்களுக்குப் போதும்.

எங்களுக்கும் போதும். குளிர்ந்த எஞ்சினை எங்கள் முன்னால் கிளப்புங்கள். நாங்கள் வருமுன் சூடாக்கி வைத்தால் அதுவே ஒரு பதில். நீலப்புகை நிற்காமல் வந்தால் ஒயில் எரிகிறது. ஒயில் குச்சியில் பால் தேத்தண்ணி நிறம் கண்டால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஓடும்போது ஒயில் மூடியைத் திறந்ததும் புகை குபுகுபுவென்று தள்ளினால் ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். "புது ரிங், பதியட்டும்" என்பார்கள். ஆறு மாதமாகவா பதிகிறது?

இந்த லொறியில் கொழுந்து மட்டுமா போகிறது? நாங்களும் எங்கள் பிள்ளைகளும் போகிறோம். ஏற்றத்தில் எஞ்சின் நின்றால் பிரேக்கும் பலமிழக்கும். பழி மட்டும் டிரைவர் தலையில் விழும்.

தொழிற்சங்கப் பிரதிநிதியும் டிரைவரும் பார்க்க, பிரட்டுக்களத்திலேயே சோதனை நடக்கட்டும். அதுவரை அந்த லொறியில் ஆள் ஏறமாட்டோம்.