நிலாவைத் திருடிய வில்லனும் உங்கள் கிராபிக்ஸ் கார்டும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கிராபிக்ஸ் கார்டு போடலாம்?" என்பதுதான். என் உறவினர் ஒருவர் கேட்கவே இல்லை. மகன் அனிமேஷன் கற்க ஆசைப்பட்டான் என்பதற்காக, பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்துவிட்டு, கடன் வாங்கி, கடையில் இருந்ததிலேயே உயர்ந்த கம்ப்யூட்டரை வாங்கிவிட்டார். ஆறு மாதமாக அதில் படம் பார்ப்பதோடு சரி. தவணை மட்டும் தவறாமல் போகிறது.

கம்ப்யூட்டர் எவ்வளவு பெரிதோ, அனிமேஷனும் அவ்வளவு நன்றாக வரும் என்று பலரும் நம்புகிறார்கள். இது தவறு என்பது என் கருத்து. அந்தப் பையனுக்குப் பிடித்த படத்தை வைத்தே இதைச் சொல்கிறேன்.

2010-ல் வெளிவந்த 'டெஸ்பிக்கபிள் மீ' படத்தின் கதாநாயகன் குரூ ஒரு வில்லன். அழும் சிறுவனுக்குப் பலூனில் பொம்மை செய்து கொடுத்து, அவன் சிரித்ததும் அதை உடைத்துவிட்டுப் போகிறவன். நிலாவையே சுருக்கித் திருடுவது அவன் திட்டம். அதற்குக் கடன் கேட்டால், வயதாகிவிட்டது என்று வங்கி கைவிரிக்கிறது. போட்டியாளன் வெக்டரிடமோ எல்லாமே புத்தம் புதிய கருவிகள்.

இந்தப் படத்தை எடுத்த இல்லுமினேஷன் நிறுவனத்துக்கு இதுதான் முதல் படம். அனிமேஷன் வேலைகள் பாரிஸில் உள்ள மாக் கஃப் ஸ்டூடியோவில் நடந்தன. செலவு சுமார் 6.9 கோடி டாலர். அதே ஆண்டு வந்த 'டாய் ஸ்டோரி 3' படத்தின் செலவு சுமார் 20 கோடி டாலர். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு செலவில் எடுத்த படம், உலகம் முழுவதும் 54 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

எப்படி? குரூவின் மஞ்சள் நிற வேலையாட்களான மினியன்களைப் பாருங்கள். முதலில் இவர்களைக் கட்டுமஸ்தான அடியாட்களாகத்தான் வரைந்தார்களாம். அப்படி வரைந்தபோது குரூ மீது யாருக்கும் பரிவு வரவில்லை என்று படத்தின் இயக்குநர்களில் ஒருவரான பியர் காஃபின் கூறியிருக்கிறார். அதனால்தான் சின்னஞ்சிறு குறும்பர்களாக மாற்றினார்கள். அந்த வேலையாட்களோடு சேர்த்துப் பார்க்கும்போது வில்லனையும் நமக்குப் பிடித்துப் போகிறது. இந்த முடிவை எந்தப் பிராசசரும் எடுக்கவில்லை. பென்சிலும் காகிதமும் இருந்தாலே எடுக்கக்கூடிய முடிவு இது.

புரோகிராம் எழுதுபவன் என்ற முறையில் எனக்கு இன்னொன்றும் தெரிகிறது. மினியனின் உடல் ஒரு மாத்திரை வடிவம். உயரம், தலைமுடி, ஒற்றைக் கண்ணா இரட்டைக் கண்ணா என்ற சில வேறுபாடுகளை மட்டும் மாற்றினால் ஒரு கூட்டமே தயார். நன்றாகச் செய்த ஒன்றைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது எங்கள் துறையின் பாலபாடம்.

சக்தி வாய்ந்த கம்ப்யூட்டரே தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. 95 நிமிடப் படம் என்றால், விநாடிக்கு 24 பிரேம் வீதம் 1,36,800 பிரேம்கள். ஒவ்வொன்றிலும் ஒளியையும் நிழலையும் கணக்கிட்டு முழுப் படமாக்கும் வேலைக்கு ரெண்டரிங் என்று பெயர். ஸ்டூடியோக்கள் ஏராளமான கம்ப்யூட்டர்களை இணைத்து இதைச் செய்கின்றன. ஆனால், கற்றுக்கொள்பவருக்கு முதலில் வேண்டியது ஒரு பந்து துள்ளும் 24 பிரேம்கள்தான்.

இதற்கு பிளெண்டர் என்ற சாப்ட்வேர் இலவசமாகவே கிடைக்கிறது. லாட்வியா நாட்டு இயக்குநரின் 'ஃப்ளோ' படம் இதில்தான் உருவானது. 2025-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருதையும் அது பெற்றது.

எனவே, ஓரளவு புதிய சாதாரண கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தால் அதிலேயே தொடங்குங்கள். மூன்று மாதம் பிள்ளை விடாமல் செய்கிறானா என்று பாருங்கள். பிறகு ராம் போதவில்லை என்றால் அதைக் கூட்டுங்கள். கிராபிக்ஸ் கார்டு கடைசியில் வரட்டும். கடன் வேண்டவே வேண்டாம்.

படத்தில் குரூவை மாற்றியது ராக்கெட் அல்ல. தூங்க மறுக்கும் மூன்று சிறுமிகளுக்கு, விரல் பொம்மைகளை ஆட்டி அவன் படித்துக் காட்டும் பூனைக்குட்டிக் கதைதான். சென்ற ஞாயிற்றுக்கிழமை அந்த உறவினர் வீட்டில் பையனோடு உட்கார்ந்து ஒரு பந்தைத் துள்ள வைத்தேன். "மாமா, இதற்கு ஒரு கண் வைக்கலாமா, இரண்டு வைக்கலாமா?" என்று கேட்டான். அவன் அப்பாவும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அன்று நாங்கள் செய்த வேலைக்கு, அவர்கள் கொடுத்துவிட்ட பழைய கம்ப்யூட்டரே போதும்.