அக்கா மகளும் அல்ட்ரா வயலட்டும்

பெங்களூருக்கு வந்து எத்தனை வருஷம் ஆனாலும், வீட்டில் பெண்ணுக்கு இருபது வயதானால் பேச்சு நேரா தாய்மாமன் வீட்டுக்குத்தான் போகும். "சொந்தத்துல கொடுத்தா சொத்து வெளிய போகாது, பொண்ணும் கண் கலங்க மாட்டா." சரி. அந்தச் சொத்தோடு சேர்ந்து வெளியே போகாமல் தங்கிவிடும் இன்னொன்றைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

ஸீரோடெர்மா பிக்மென்டோஸம் என்று ஒரு நோய். சுருக்கமாக எக்ஸ்.பி. வெயிலின் புற ஊதாக் கதிர் நம் எல்லோருடைய தோலிலும் டி.என்.ஏ.வைக் கெடுக்கிறது; உடம்பு அதைச் சரி செய்துகொள்கிறது. இந்தக் குழந்தைகளுக்கு அந்த ரிப்பேர் வேலை நடப்பதில்லை. 1968-ல் ஜேம்ஸ் கிளீவர் கண்டுபிடித்துச் சொன்னது இது. இரண்டு வயதுக்குள் முகமெல்லாம் கரும்புள்ளி, வெளிச்சம் பார்த்தால் கண் கூசும், பாதுகாக்காவிட்டால் பத்து வயதுக்குள்ளேயே தோல் புற்றுநோய் வரலாம். நம்மவர்களோ சர்ப்ப தோஷம் என்று பரிகாரத்துக்குக் கிளம்புவார்கள். "குளுகுளு பெங்களூர்தானே, இங்க என்ன வெயில்?" என்பார்கள். ஊர் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஐயா. காற்று குளிர்ந்தால் கதிர் குறைந்துவிடாது.

அமெரிக்காவில் நவஹோ பழங்குடியினரிடம் இந்த நோய் மற்றவர்களைவிட மிக அதிகம். 1864-ல் ராணுவம் அவர்களை சொந்த மண்ணிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் நடக்கவிட்டு போஸ்க் ரெடோண்டோ என்ற இடத்தில் அடைத்தது. பசியிலும் நோயிலும் ஏராளமானோர் செத்தார்கள். 1868-ல் திரும்பி வந்த மிச்சப் பேரிடமிருந்துதான் கூட்டம் மறுபடி பெருகியது. அந்தச் சிலரில் யாரோ சுமந்த பழுது, இன்று பேரன் பேத்திகளின் முகத்தில் தெரிகிறது என்று சொல்கிறார்கள்.

அவர்களைத் துப்பாக்கி முனையில் சுருக்கினார்கள். நம்மை யார் சுருக்கினார்கள்? பத்திரிகை அடித்து, பந்தி போட்டு நாமேதான்!

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள் தமிழ்நாட்டில் 28 சதவீதம், கர்நாடகத்தில் 27. நாட்டின் சராசரி 11. 1955 இந்துத் திருமணச் சட்டமும் வழக்கம் இருந்தால் சரி என்று கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

காமர்ஸ் படித்தவன், கணக்கு போட்டுக் காட்டுகிறேன். பத்து லட்சத்தில் ஒருவருக்கு வரும் நோய் என்றால், நோயில்லாமல் பழுதை மட்டும் சுமப்பவர் சுமார் 500-ல் ஒருவர். மாப்பிள்ளை அப்படிச் சுமக்கிறார் என்று வையுங்கள். முன்பின் தெரியாத பெண்ணைக் கட்டினால் அவளும் சுமக்க வாய்ப்பு 500-ல் 1. மாமன் மகள், அத்தை மகள் என்றால் 8-ல் 1. அக்கா மகள் என்றால் 4-ல் 1. இருவரும் சுமந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 4-ல் 1. கடன் கேட்டு வருபவர் தன் வீட்டு ஆளையே ஜாமீனுக்குக் கூட்டி வந்தால் எங்கள் பேங்கில் யோசிப்போம், மூழ்கினால் இருவரும் சேர்ந்தே மூழ்குவார்கள் என்று. கல்யாணத்தில் மட்டும் அதையே பெருமையாகச் செய்கிறோம்.

"எங்க தாத்தா பாட்டி சொந்தம்தான், நல்லாத்தானே இருந்தாங்க?" இருந்திருப்பார்கள். சொந்தத்தில் கட்டியவர்களில் பெரும்பாலோருக்கு நல்ல குழந்தைகள்தான். ஆனால் மாட்டிக்கொண்ட வீட்டில் போய் அந்தப் பெரும்பாலோரைக் காட்டி ஆறுதல் சொல்ல முடியுமா?

சொந்தம் வேண்டாம், எங்கள் உட்பிரிவுக்குள் தூரத்து ஆள்தான் என்பவர்களும் ரொம்ப நிம்மதியாக வேண்டாம். ஹைதராபாத் சி.சி.எம்.பி.யின் தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் சேர்ந்து 2017-ல் வெளியிட்ட ஆய்வில், பார்த்த 263 தெற்காசியக் குழுக்களில் 81, பின்லாந்துக்காரர்களைவிட அதிகமாகச் சிலரின் வழியிலேயே பெருகியவை. நூற்றாண்டுகளாக வாசலைச் சாத்தி வைத்ததன் பலன்.

பத்துப் பொருத்தம் பார்க்கும்போது பதினோராவதாக ஒன்று கேளுங்கள்: இரண்டு குடும்பத்திலும் வெயில் ஆகாத குழந்தை, சின்ன வயதில் செத்த குழந்தை, காரணம் தெரியாத நோய் யாருக்காவது இருந்ததா? இருந்தால் தட்டு மாற்றும் முன் ஜெனடிக் கவுன்சிலிங் போங்கள். இந்த ஊரிலேயே எலெக்ட்ரானிக் சிட்டியில் சென்டர் ஃபார் ஹியூமன் ஜெனடிக்ஸ் இருக்கிறது. ஏற்கெனவே கல்யாணமாகி முதல் குழந்தைக்கு எக்ஸ்.பி. என்றால், எந்த ஜீனில் பழுது என்று முதலில் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அது தெரிந்தால் அடுத்த கர்ப்பத்தின் மூன்றாம் மாத வாக்கிலேயே சோதித்துப் பார்க்க வழி உண்டு.