பீடியை விட உதவும் போன்

பீடிக் கட்டின் மேல் ஓர் எண் அச்சிட்டிருக்கிறது. 1800-11-2356 என்பது அந்த எண். புகையிலையை விட நினைப்பவர்கள் பேசுவதற்காக ஏற்பட்டது. காசு கிடையாது. 2018 செப்டம்பர் 1 முதல் பீடி, சிகரெட், மெல்லும் புகையிலை எல்லாவற்றின் உறையிலும் இதைப் போடவேண்டும் என்று மத்திய அரசு விதி செய்தது. நல்ல விதிதான்.

ஆனால், திட்டக்குடிப் பக்கம் கரும்பு வெட்டப் போகிற தொழிலாளி கட்டாகவா பீடி வாங்குகிறார்? டீக்கடையில் உதிரியாக இரண்டு வாங்குகிறார். அங்கே தொங்கும் கயிற்று நெருப்பில் பற்ற வைத்துக்கொண்டு போய்விடுகிறார். கட்டு கடைக்காரரிடமே இருக்கிறது. எண்ணும் அங்கேயே தங்கிவிடுகிறது! கட்டாக வாங்கினாலும், எழுத்துத் தெரியாதவருக்கு அது எதற்கான எண் என்று எப்படித் தெரியும்?

"செல்போனில்தான் செயலி வந்துவிட்டதே!" என்பார்கள் படித்தவர்கள். உண்மைதான். புகையை விட்டு எத்தனை நாள் ஆயிற்று, எவ்வளவு பணம் மிச்சம் என்று கணக்குச் சொல்லும் செயலிகள் இருக்கின்றன. ஆஸ்திரேலிய அரசே அப்படி ஒன்றை வெளியிட்டது.

அந்த நாட்டின் பூர்வகுடி மக்களுக்குப் புகையிலை பெரிய சுமை. ஒரு காலத்தில் பண்ணைகளில் அவர்கள் பட்ட பாட்டுக்கு மாவும் சர்க்கரையும் புகையிலையும் அளந்து கொடுத்தார்கள். கூலியோடு கூலியாக வந்த பழக்கம் லேசில் போகுமா? ஆகவே, அங்கே செயலியை மட்டும் நம்பி இருந்துவிடவில்லை. பூர்வகுடி மக்களிலேயே ஆலோசகர்களை அமர்த்தி, போனில் பேச ஏற்பாடு செய்திருக்கிறார்கள். தம் மக்களில் ஒருவர் பேசினால் காது கொடுத்துக் கேட்கத் தோன்றும் அல்லவா?

நமக்கும் இது பொருந்தும். திட்டக்குடி வழியே ஓடும் வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. அதற்குத் தெற்கே, கிள்ளை, பிச்சாவரம் பக்கம் உப்பங்கழியில் இறங்கிக் கையாலேயே இறால் பிடித்துப் பிழைக்கும் இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. அங்கே பீடி குடிப்பவர் ஒருவரிடம், "செயலியை இறக்கிக்கொள்" என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? அவருக்குப் பேச்சுத்தான் உதவும். அதற்குப் பட்டன் போனே போதும்.

அந்தப் பேச்சு தமிழிலேயே கிடைக்கிறது. 2016 மே மாதம் டில்லியில் வல்லபபாய் படேல் மார்பு நோய் நிலையத்தில் இந்தச் சேவை தொடங்கியது. 2018-ல் பெங்களூர் நிம்ஹான்சில் தென்னாட்டு மொழிகளுக்காக ஒரு மையம் வந்தது. எத்தனை ஆண்டுப் பழக்கம், நாளைக்கு எத்தனை பீடி, காலையில் எழுந்த உடனேயா என்றெல்லாம் கேட்பார்கள். விடுவதற்கு ஒரு நாளைக் குறிக்கச் சொல்வார்கள். பிறகு அவர்களே கூப்பிட்டு, எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரிப்பார்கள். திட்டமாட்டார்கள். வீட்டில் கிடைக்காதது அது ஒன்றுதான்!

2016-17-ல் எடுத்த கணக்குப்படி, நம் நாட்டில் பெரியவர்கள் 100 பேரில் ஏறக்குறைய 8 பேர் பீடி குடிக்கிறார்கள். சிகரெட் குடிப்பவர்கள் 4 பேர்தான். அப்படியிருக்க, உதவி யாரைத் தேடிப் போகவேண்டும்?

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கப் பெண் பணியாளர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். "பீடி உண்டா, ஐயா?" என்று அவர்கள் கேட்டு, அங்கேயே அந்த எண்ணைப் போட்டுக் கொடுத்தால் என்ன? ரேஷன் கடைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைக்க எவ்வளவு செலவாகும்? அரசு இதைச் செய்யவேண்டும்.

அதுவரை, வீட்டில் படிக்கிற பிள்ளை அப்பாவுக்கு எண்ணைப் போட்டுக் கொடுக்கலாம். விட்ட முதல் வாரம் கஷ்டம்தான். எரிச்சல் வரும், தூக்கம் கெடும். பீடி வேண்டும் என்ற தவிப்பு சில நிமிடங்களில் தணியும். பிறகு மீண்டும் வரும். டீக்கடையில் நாலு பேரோடு உட்கார்ந்தால் தாங்குவது கடினம். அந்த ஒரு வாரம் சாயங்கால டீயை வீட்டிலேயே போட்டுக் கொடுங்கள்.